பயன்படாதது என்று யார் சொல்வது?

(சன்னிவேல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, இங்க பாதிப் பேர் கோடு எழுதுறவங்க, மீதிப் பேர் அவங்க புலம்பலைக் கேக்குறவங்க. அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

வாடகைதாரர்களுக்காக நாம நடத்துற இணையச் செயலியில யாரும் தொடாத கோப்புகள் நிறைய. தன்னார்வலர்கள் வர்றாங்க, எழுதுறாங்க, வேலை மாறினதும் போயிடுறாங்க. அடுத்து வர்றவங்க எது ஓடுது, எது ஓடலன்னு தெரியாம எதையும் அழிக்கப் பயப்படுறாங்க. இதுக்குத்தான் க்னிப். டச்சு மொழியில் 'வெட்டு' என்று பொருள். இலவசம், திறந்த மூலநிரல். டெர்மினலில் ஒரே கட்டளை. தொடக்கக் கோப்பிலிருந்து கிளம்பி, எது எதை இம்போர்ட் செய்கிறது என்று பின்தொடரும். எட்டாத கோப்புகள், யாரும் எடுத்துக்கொள்ளாத எக்ஸ்போர்ட்டுகள், பட்டியலில் மட்டும் இருக்கும் பேக்கேஜ்கள் எல்லாம் வரிசையாக வந்து விழும்.

செத்த கோடு சும்மாதானே கிடக்குன்னு நினைக்காதீங்க. நியூ ஜெர்சியின் நைட் கேப்பிட்டல் நிறுவனம் 2003-லேயே 'பவர் பெக்' என்ற நிரலைப் பயன்படுத்துவதை நிறுத்தியது, ஆனால் அழிக்கவில்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய கோடு ஏறவில்லை. அங்கே பழையது விழித்துக்கொண்டது. 45 நிமிடத்தில் 460 மில்லியன் டாலருக்கு மேல் நஷ்டம். (பங்குச்சந்தைக்காரங்க காசுதானேன்னு நீங்க சிரிக்கிறது தெரியுது.) நம்மகிட்ட இருக்கிறது ஜனங்களோட பேரும் முகவரியும்.

ஆனா க்னிப் தந்த பட்டியலில் தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்பும் இருந்தது. ஸ்பானிஷ், வியட்நாமியக் கோப்புகளும்தான். ஆங்கிலம் மட்டும் இல்லை, ஏன்னா அது நேரடியாக இம்போர்ட் ஆகிறது. மற்ற மொழிகளுக்கு, பயனர் தேர்ந்தெடுத்த பிறகே கோப்பின் பெயர் உருவாகிறது. நிரலை ஓட்டாமல் படிக்கிற கருவிக்கு அது தெரிய வழியே இல்லை. கான்ஃபிக்கில் அவற்றையும் தொடக்கக் கோப்பாகச் சேர்த்தால் போதும், ஒரு வரி. அந்த வரியை எழுத, தமிழ்ப் பக்கத்தை யாரோ திறக்கிறாங்கன்னு தெரிஞ்ச ஆள் வேணும்.

"அப்போ வருகைப் பதிவைப் பாத்து, மூணு மாசமா யாரும் வரலன்னா அழிச்சிடலாமே"ன்னு ஒரு தோழர் கேட்டார். வெளியேற்ற வழக்குக்குப் பதில் போடும் பக்கத்தை ஒரு குடும்பம் வாழ்க்கையில ஒரு தடவை திறந்தாலே அதிகம். கலிஃபோர்னியாவில் அதற்கான அவகாசம் 2025-க்கு முன் 5 நீதிமன்ற நாட்கள், இப்போ 10. அந்தப் பத்து நாளுக்குள்ள பக்கம் இருக்கணும்.

கோப்புகளைத் தானாகவே அழிக்கும் வசதியும் க்னிப்பில் உண்டு. அதை இப்போதைக்குப் போடக் கூடாது என்பது என் முன்மொழிவு. பட்டியலை முதலில் தொலைபேசி எடுக்கிற தோழர்கள் பார்க்கட்டும். கோடு தெரியணும்னு அவசியமில்லை, கோப்புப் பெயர்களைத் தமிழ்ல விளக்கி நான் எழுதித் தர்றேன்.