முதல் வாரம் பாட்டோடு தொடங்கட்டும்

(டயகமவில் முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோருக்காக நடந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



பாட்டைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். "பாட்டா? புள்ளைக்கு மொதல்ல எழுத்து வரட்டும், கணக்கு வரட்டும். பாட்ட அப்புறம் பாத்துக்கலாம்" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான நினைப்புத்தான். மழையிலும் பனியிலும் நின்று ஒரு பேர் போட்டு, அந்தக் காசில் கொப்பியும் சப்பாத்தும் வாங்கிக் கொடுத்து அனுப்புகிறீர்கள். பிள்ளை படிக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை. நானும் அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். பிள்ளை எழுத்துப் படிக்க வேண்டுமானால் முதலில் வகுப்பில் வாய் திறக்க வேண்டும். வாய் திறக்க வைப்பதற்குப் பாட்டைப் போல லேசான வழி வேறில்லை.

முதலாம் தரத்தின் முதல் வாரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நேற்று வரை பிள்ளை பிள்ளைக் காம்பராவில் இருந்தது. இப்போது அதைச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்கிறோம். அங்கே பாய் இருந்தது, தெரிந்த அம்மா இருந்தார். இன்றைக்குப் பெரிய கட்டடம், மணிச்சத்தம், முகம் தெரியாத டீச்சர். வரவேற்பு நாளில் இரண்டாம் தரத்துப் பிள்ளைகள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போவார்கள். பலூன் கட்டியிருக்கும், இனிப்பும் கிடைக்கும். ஆனால் இரண்டாம் நாள் பலூன் இருக்காது. அன்றைக்குத்தான் பிள்ளை அழும்.

இன்னொரு காரியமும் நடக்கும். வீட்டில் "வூடு", "ஒக்காரு", "அவுங்க" என்று பேசிய பிள்ளை, பள்ளிக்கூடத்தில் புத்தகத் தமிழைக் கேட்கும். ஒரு சொல் சொன்னவுடன் பக்கத்துப் பிள்ளை சிரித்துவிட்டால் போதும், அது வாயை மூடிக்கொள்ளும். சில பிள்ளைகள் ஒரு தவணை முழுக்க மூடிக்கொள்ளும். அப்புறம் "வயிறு வலிக்குது" என்று திங்கட்கிழமை நிற்கும், செவ்வாயும் நிற்கும். சட்டப்படி 5 வயது முதல் 16 வயது வரை பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும். பல பிள்ளைகள் மனதளவில் பள்ளிக்கூடத்தை விட்டு விலகுவது இந்த முதல் வாரத்தில்தான்.

பாட்டையே தினசரிப் பாடமாக வைத்த ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் கதையைச் சொல்கிறேன். அது தூரத்து நாடு. ஆனால் கதை நமக்கு அந்நியமில்லை.

ஐரோப்பாவில் ஹங்கேரி என்று ஒரு நாடு. அங்கே கெச்கெமேத் என்ற ஊரில் 1882ஆம் ஆண்டு பிறந்தவர் சொல்தான் கோடாய் என்ற சங்கீத மேதை. அந்தக் காலத்தில் அங்கே படித்தவர்கள் கிராமத்துப் பாட்டை மதிக்க மாட்டார்கள். கோடாயும் அவருடைய நண்பர் பேலா பார்தோக்கும் ஒலிப்பதிவுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய், வயல் வேலை செய்கிற ஏழைச் சனத்தின் பாட்டுக்களைச் சேர்த்தார்கள். ஒரு பிள்ளைக்கு முதல் வாத்தியம் அதன் சொந்தக் குரல், முதல் பாட்டு அதன் தாய்மொழி நாட்டார் பாட்டு என்பது கோடாயின் கொள்கை. 1950ஆம் ஆண்டு அதே கெச்கெமேத் ஊரில் அந்தக் கொள்கைப்படி ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். மற்றப் பாடங்களோடு தினமும் பாட்டுப் பாடமும் நடந்தது. பின்னால் அந்த நாட்டில் இப்படிப்பட்ட பள்ளிக்கூடங்கள் நூற்றுக்கு மேல் வந்தன. நாட்டார் பாட்டைக் காப்பாற்ற கோடாய் காட்டிய வழியை யுனெஸ்கோ நிறுவனம் 2016இல் நல்ல முன்மாதிரிகளின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

கோடாய் முறையில் புதுப் பிள்ளைகளுக்கு எடுத்தவுடன் பியானோவும் கிடையாது, சுரம் எழுதிய புத்தகமும் கிடையாது. வட்டமாக நின்று கையைக் கோத்துப் பாட்டு விளையாட்டு விளையாடுவார்கள். டீச்சர் பிள்ளையின் பேரைப் பாட்டாகப் பாடிக் கூப்பிடுவார், பிள்ளை பாட்டாகவே பதில் சொல்லும். முதலில் இரண்டே சுரம்தான். நம் கணக்கில் பஞ்சமத்திலிருந்து காந்தாரத்துக்கு இறங்குவது. அது என்னவோ பெரிய வித்தை என்று நினைக்க வேண்டாம். மேல்லயத்தில் நின்று கீழ்லயத்துப் பிள்ளையை நீட்டிக் கூப்பிடும்போது உங்கள் குரல் மேலே நின்று கீழே இறங்குகிறதே, ஏறக்குறைய அதுதான். தாளத்துக்கு ஒரு முழு அடியை "தா" என்றும், அதில் பாதியாக வரும் இரண்டு அடிகளை "தி-தி" என்றும் சொல்லிக் கை தட்டுவார்கள். நம் "தக திமி" மாதிரித்தான்.

இப்படிப் பாடுவதால் படிப்புக்கு என்ன லாபம்? பாடும்போது சொல் தானாகவே துண்டு துண்டாகப் பிரிகிறது. "பட்டாம்பூச்சி" என்பதைக் கை தட்டிப் பாடிய பிள்ளைக்கு, அதையே எழுத்துக் கூட்டுவது பாதி வேலை முடிந்த மாதிரி. இருபது பேரோடு சேர்ந்து பாடும்போது ஒரு பிள்ளையின் பிழை தனியாகத் தெரியாது, அதனால் கூச்சம் போகும். ஒரு பிள்ளை சத்தம் வரும் பக்கம் திரும்பாமல் இருந்தால் காதில் கோளாறு இருக்கலாம் என்று டீச்சருக்கும் தெரியவரும். எழுத்துக்கு முன் பிள்ளையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நம் நாட்டில் 1990களின் கடைசியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமும் சொல்லியது. முதலாம் தரத்தில் விளையாட்டுக்கு இடம் வைத்ததும் அதற்காகத்தான்.

"எங்களிடம் என்ன பாட்டு இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். நம் சனத்தைப் பற்றி 1869இலேயே ஆபிரகாம் ஜோசப் "கோப்பிக் கிருஷிக் கும்மி" எழுதி அச்சில் வந்துவிட்டது. கோ. நடேசய்யர் தொழிலாளருக்காகப் போராடிய காலத்தில், அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் தொழிலாளர் துயரத்தைப் பாட்டாக எழுதி மேடையில் பாடினார். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தார். கோடாய் அங்கே செய்த வேலையை இவர் இங்கே செய்தார். மாசி மாதம் காமன் ஊன்றினால் தகனம் வரைக்கும் ரதியும் மதனும் எமனும் வீரபத்திரனும் நம் லயத்து வாசலில் ஆடுகிறார்கள். அதைப் பார்த்த பிள்ளைக்குத் தாளம் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

நான் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்தில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். மூன்று நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காம் நாள், "டீச்சர், இவன் மேசையத் தட்டுறான்" என்று பக்கத்துப் பிள்ளை முறைப்பாடு சொன்னது. கேட்டுப் பார்த்தால் காமன் கூத்துத் தாளம்! அச்சுப் பிசகாமல் தட்டுகிறான். "இன்னொரு தடவை தட்டு ராசா" என்றேன். தட்டினான். வகுப்பே சேர்ந்து கை தட்டியது. அன்றைக்குத்தான் வாயைத் திறந்து தன் பேரைச் சொன்னான்.

அவனுடைய தகப்பன் தப்படிக்கிறவர். அவரை வரச் சொல்லி அனுப்பினேன். "நான் தப்போட பள்ளிக்கூடத்துக்கு வரலாமா டீச்சர்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றைக்கும் என் மனதில் இருக்கிறது. வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி வந்தார். தப்பை நெருப்பில் வாட்டுவது ஏன் என்று காட்டினார். பிள்ளைகள் கண் இமைக்காமல் பார்த்தார்கள். மறுநாள் இரண்டு பெற்றோர் வந்து, "சாவு மேளத்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள கொண்டாரலாமா?" என்று சண்டை போட்டார்கள். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஐயாமாரே, ஒரு காலத்தில் விடியற்காலையில் நம் தாத்தா பாட்டியைப் பெரட்டுக்கு எழுப்பியதும் தப்பு. திருவிழாவுக்கும் தப்பு, காமனுக்கும் தப்பு. எல்லாவற்றுக்கும் அது வேண்டும், அடிக்கிற மனிசனை மட்டும் தள்ளி நிற்கச் சொல்வதா? தகப்பனின் தொழிலைக் கேலி செய்கிற வகுப்பில் அந்தப் பிள்ளை எப்படித் தலை நிமிர்ந்து படிக்கும்? இதைப் பள்ளிக்கூடம் மட்டும் மாற்ற முடியாது, லயத்திலும் மாற வேண்டும்.

இந்த வருடம் ஆசிரியர்களோடு பேசி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். முதல் நாள் பேர்ப் பாட்டு: ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் பாடிக் கூப்பிடுவோம். இரண்டாம் நாள் கை தட்டும் கால் மிதிக்கும் விளையாட்டு. மூன்றாம் நாள் மழை, ஆறு, குருவி, தேயிலை ஸ்டோர் மெஷின் என்று இங்கே பிள்ளை கேட்கிற சத்தங்களைக் குரலால் செய்து காட்டுவது. நான்காம் நாள் பாட்டிமார் வந்து தாலாட்டும் கும்மியும் பாடுவது. ஐந்தாம் நாள் தப்பு. இதற்கு ஆர்மோனியப் பெட்டி வேண்டாம், சல்லிக் காசு செலவு வேண்டாம்.

உங்களிடம் நான்கு காரியம் கேட்கிறேன். முதலாவது, முதல் நாள் தாயோ தகப்பனோ ஒருவராவது பிள்ளையோடு வாருங்கள். அரைப் பேர் போய்விடும் என்ற கவலை எனக்கும் தெரியும். அதற்காகத்தான் நலன்புரி உத்தியோகத்தரை முன்னாலேயே உட்கார வைத்துக் கேட்கிறேன்: அன்றைக்கு மட்டும் பிந்தி மலைக்குப் போக வழி செய்து கொடுங்கள், ஐயா. இரண்டாவது, பிள்ளை அழுதாலும் இரண்டாம் நாள் வீட்டில் நிறுத்தாதீர்கள். மூன்றாவது, சாயங்காலம் "இன்னைக்கு என்ன எழுதுன?" என்று கேட்பதற்கு முதல் "இன்னைக்கு என்ன பாடுன?" என்று கேளுங்கள். போனைக் கையில் கொடுத்து மூலையில் உட்கார வைக்காமல், பிள்ளை பாடுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். வந்தவர்களுக்கு முன்னால் பாடு பாடு என்று வற்புறுத்தவும் வேண்டாம். நான்காவது, பிள்ளைக்குக் காதில் சீழ் வடிந்தால் எண்ணெய் ஊற்றாமல் டிஸ்பென்சரிக்குக் கொண்டு போங்கள்.

நான்காம் நாளுக்குப் பாட்டிமார் ஐந்து பேராவது வேண்டும். "எனக்குக் குரல் போச்சு, பல்லும் போச்சு" என்று சொல்ல வேண்டாம், பாட்டு ஞாபகம் இருந்தால் போதும். தப்படிக்கத் தெரிந்த ஐயாமாரும் தயங்காமல் முன்னுக்கு வாருங்கள், கதிரை போட்டு வைத்திருப்போம். கூட்டம் முடிந்ததும் சிறுவர் நிலைய அம்மாவிடம் பேரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.