சிற்றூரும் காதற்கதையும்



காதற்கதை என்றதும் முகஞ் சுளிக்கும் வழக்கம் கற்றோரிடையே நெடுங்காலமாக உண்டு. அவ்வழக்கம் என்னிடமும் இருந்தது. பல்கலைக்கழகத்தில் இலக்கியம் பயின்று, பின்னர் முப்பது ஆண்டுகளாக அரசினர் பாடசாலைகளிற் கற்பித்தும் அவற்றை நடத்தியும் வந்த எனக்கு, ஆங்கிலத்தில் மலிந்து கிடக்கும் காதல் நாவல்கள் படிக்கத் தகாதன என்பதில் ஒருபோதும் ஐயம் எழுந்ததில்லை. அவற்றுள் ஒன்றையேனும் படியாது இவ்வுறுதி எங்ஙனம் வந்தது என்று எவரும் என்னைக் கேட்டதுமில்லை.

கேட்டவர் ஓர் இளம் ஆசிரியை. சில ஆண்டுகளுக்கு முன், ஆங்கிலம் கற்பிப்பதற்கென முதல் நியமனம் பெற்று, தம் ஊரை விட்டுத் தொலைவிலுள்ள எமது பாடசாலைக்கு அவர் வந்து சேர்ந்தார். ஒரு வீட்டில் அறையொன்றை வாடகைக்கு எடுத்துத் தனியே தங்கியிருந்தார். ஓய்வு வேளையில் ஆசிரியர் அறையின் மூலையில் அமர்ந்து அமெரிக்கக் காதல் நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருப்பார். நூலகத்துக்கு நூல் வாங்குவது பற்றி ஆசிரியர் கூட்டத்திற் பேச்செழுந்த ஒருநாள், அவர் கையிலிருந்த நூலைச் சுட்டி நான் ஒரு வேடிக்கை வார்த்தை சொன்னேன். எல்லோரும் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்தபின் என் அறைக்கு வந்து, "சேர், நீங்கள் இவற்றில் ஒன்றையாவது வாசித்ததுண்டா?" என்று மரியாதையாகவே கேட்டார். என் மௌனத்தைக் கண்டு இரண்டு நூல்களை மேசைமேல் வைத்துவிட்டுச் சென்றார். இன்றைய பேச்சு அவ்விரண்டு நூல்களிலிருந்தே பிறந்தது.

இவை ஆங்கிலக் காதல் நாவல்களுள் தனியொரு வகையைச் சேர்ந்தவை. சிற்றூர்க் காதற்கதை என்று அவ்வகையை நாம் அழைக்கலாம். ஐக்கிய அமெரிக்காவிலே கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் பெருகி வளர்ந்தது இது. கற்பனையான ஒரு சிற்றூரை ஆசிரியர் படைக்கிறார். அவ்வூரில் ஒரு கடைத்தெரு, ஓர் உணவுச்சாலை, ஒரு வைத்தியர், எல்லோருடைய செய்தியையும் அறிந்த ஒரு முதியவள். ஒரு நூலில் ஒரு சோடி இணைகிறது. அந்நூலில் ஓரமாக நின்றவர் அடுத்த நூலிலே தலைமைப் பாத்திரமாகிறார். இவ்வாறு பத்து நூல், இருபது நூல் என்று ஊர் நீண்டுகொண்டே போகிறது.

முதலில் நான் படித்தது றொபின் கார் என்னும் பெண்மணி 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட 'வேர்ஜின் றிவர்'. பின்னர் 2019 முதல் தொடர்படமாகவும் வந்து உலகெங்கும் பார்க்கப்பட்ட கதை இது. மெல் என்பவள் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து வைத்தியசாலையில் உயர்தரத் தாதியாகவும் மருத்துவிச்சியாகவும் பணியாற்றியவள். அவளுடைய கணவன் ஒரு வைத்தியன். கடையொன்றில் நிகழ்ந்த கொள்ளையின்போது சுடப்பட்டு இறந்துபோனான். அத்துயரிலிருந்து விலகிச் செல்ல எண்ணி, வட கலிபோர்னியாவின் மலைக்காட்டுக்குள் இருக்கும் ஒரு சிற்றூரில் வேலையேற்று வருகிறாள். அவளுக்கென வாக்களிக்கப்பட்ட வீடோ குப்பையுங் கூளமுமாய்ப் பாழடைந்து கிடக்கிறது. ஊரின் முதிய வைத்தியர் தமக்குத் துணை வேண்டியதில்லை என்று எரிந்து விழுகிறார். மறுநாளே புறப்பட்டுவிடுவது என்று அவள் முடிவு செய்கிறாள். அவ்வேளையில் வைத்தியர் வீட்டு வாசலிலே பிறந்து சில நாளே ஆன ஒரு குழந்தை கிடக்கக் காணப்படுகிறது. குழந்தைக்கு ஒரு வழி பிறக்கும்வரை இருப்போம் என்று தங்குகிறாள். அந்தச் சில நாள் முடிவதேயில்லை.

கதைத் தலைவன் ஜாக் போர்ப்படையிலிருந்து ஓய்வு பெற்று அவ்வூரில் மதுச்சாலையும் உணவுச்சாலையும் நடத்துபவன். அவன் தன் காதலை எவ்வாறு தெரிவிக்கிறான் என்பதே என்னை முதலில் நிமிர்ந்து உட்காரச் செய்தது. அவன் கவிதை பாடவில்லை. அணிகலன் வாங்கிக் கொடுக்கவில்லை. அவளுக்குச் சொல்லாமலே அந்தப் பாழ்வீட்டைச் செப்பனிடத் தொடங்குகிறான். அவள் போய்விடக்கூடும் என்று அறிந்தே அதைச் செய்கிறான். உடைந்த பலகையை மாற்றுவது காதலின் மொழியாக முடியும் என்பதை எத்தனை பெரிய நாவல்கள் நமக்குக் காட்டியிருக்கின்றன? நான் படித்தவற்றுள் மிகச் சிலவே.

இரண்டாவது நூல் டெபி மக்கோம்பர் எழுதிய சீடர் கோவ் வரிசையின் முதல் நூல். பெயர் '16 லைட்ஹவுஸ் றோட்'. வெளிவந்த ஆண்டு 2001. வீட்டு முகவரியே நூலின் பெயர். 2011 வரை தொடர்ந்த இவ்வரிசையின் 12 நூல்களுக்கும் முகவரிகளே பெயராக உள்ளன. அன்றியும் அம்முகவரி எண்ணின் தொடக்கம் நூலின் வரிசையெண்ணாகவும் அமைந்திருக்கிறது. 204 இரண்டாவது, 311 மூன்றாவது, 1225 பன்னிரண்டாவது. கணக்காசிரியர் எவரும் இதை இரசிப்பார்.

இந்நூலில் ஒலிவியா என்னும் குடும்ப வழக்கு நீதிபதியின் முன் ஓர் இளந் தம்பதியர் மணவிலக்குக் கோரி நிற்கின்றனர். கணவன் கடற்படையினன். அவன் கடலில் இருந்தபோது குழந்தை பிறந்து, இறந்தும் போனது. அத்துயரை ஒருவரோடொருவர் பேச இயலாமல் இருவரும் பிரிய நிற்கின்றனர். நீதிபதி அவர்கள் எண்ணத்துக்கு இடங்கொடாமல் மறுத்துவிடுகிறார். ஏனெனில் அவரும் தம் மகனை நீரிற் பறிகொடுத்து, அத்துயரிலே தம் மணவாழ்வையும் இழந்தவர். நீதிமன்றத்தில் இருந்த பத்திரிகையாளர் அத்தீர்ப்பைப் பற்றி எழுத, ஊர் முழுவதும் அதைப் பேசுகிறது. சட்டத்தை இவ்வாறு வளைக்கலாமா என்று சட்டம் அறிந்தோர் கேட்பர். நானும் கேட்டேன். எனினும் அவ்விருவரும் மீண்டும் பேசத் தொடங்கும் இடத்துக்கு வந்தபோது, நூலைக் கீழே வைக்க மனம் வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முடிவு முன்னரே தெரிந்த கதையில் என்ன சுவை என்பது இந்நூல்கள்மேற் சாட்டப்படும் முதற் குற்றம். விடிய விடியக் கூத்துப் பார்க்கும் நம்மவர் முடிவை அறியாமலா பாயை விரித்து இருக்கிறார்கள்? மங்களம் பாடப்படும் என்பது தெரியும். அதற்கிடையே எந்தப் பாத்திரம் எவ்வாறு வருந்தும், எவ்வாறு தேறும் என்பதைக் காணவே விழித்திருக்கிறார்கள். முடிவு பற்றிய அச்சம் இல்லாதபோதுதான் துன்பத்தை அமைதியாக உற்றுநோக்க முடிகிறது. மேற்கூறிய இரு கதைகளிலும் உள்ள இழப்புகளை எண்ணிப் பாருங்கள்: கொலையுண்ட கணவன், இறந்த குழந்தை, நீரில் மூழ்கிய மகன். இவை இலகுவான பொருள்கள் அல்ல. நல்ல முடிவு உண்டென்ற உறுதியைக் கையிற் கொடுத்த பின்னரே ஆசிரியர் இவற்றின் அருகே வாசகரை அழைத்துச் செல்கிறார்.

எனினும் இவை தரும் நிறைவுக்குக் காதலர் இணைவது மட்டும் காரணமன்று என்றே நான் கருதுகிறேன். காதலர் இருவர் மட்டும் போதுமென்றால் ஊர் எதற்கு? ஒருவர் ஓரிடத்துக்கு அந்நியராக வருகிறார். சிறிது சிறிதாக அவ்விடம் அவரை அறிந்துகொள்கிறது. அவர் எந்த நேரத்துக்கு உணவுச்சாலைக்கு வருவார் என்று தெரிகிறது. வராதபோது எவரேனும் ஏன் வரவில்லை என்று கேட்கின்றனர். அந்தக் கேள்வியிலேயே இக்கதைகளின் இன்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது. காதலன் அந்த ஊரின் சார்பாக வந்து கேட்பவன் மட்டுமே. அரசாங்க சேவையில் ஐந்து இடமாற்றங்களைக் கண்டவன் நான். புதிய ஊரில் முதற் சில கிழமைகள் எத்தகையன என்பது எனக்குத் தெரியும். ஓர் ஊரில் காய்ச்சலால் இரண்டு நாள் அறைக்குள் கிடந்தேன். மூன்றாம் நாள் தேநீர்க்கடைக்காரர் ஒரு போத்தல் கொத்தமல்லி நீருடன் வந்து கதவைத் தட்டினார். அவர் அழைக்கப்பட்டவரல்லர், எண்ணிப் பார்த்து வந்தவர். அன்று அவ்வூர் என் ஊராயிற்று.

நாட்டுப்புறத்து மூன்று நான்கு குடும்பங்களே நாவல் எழுதுவதற்கு ஏற்ற பொருள் என்று ஜேன் ஒஸ்ரின் 1814ஆம் ஆண்டில் தம் சகோதரரின் மகளுக்குக் கடிதத்தில் அறிவுரை கூறினார். சிலரே வாழும் இடத்தில் ஒருவர் செயல் மற்றவரைத் தொடாமற் போகாது என்பதே அவ்வறிவுரையின் உட்பொருள் போலும். ஆனால் ஒஸ்ரினுடைய ஊரிலே பணமும் குலமும் அளந்து பார்க்கப்படும். புறங்கூறல் ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுத்துவிடும். இன்றைய சிற்றூர்க் கதைகள் அந்த முள்ளைப் பெரும்பாலும் மழுக்கிவிடுகின்றன. அவற்றின் உண்மையான குறை இதுவே.

வேறொரு குறையும் உண்டு. வட கலிபோர்னியாவின் மரந்தரும் காட்டூர்கள் மரத்தொழில் தளர்ந்ததனால் நலிந்தவை. அமெரிக்க நாட்டுப்புறங்களில் 2010க்குப் பின் நூற்றுக்கு மேற்பட்ட வைத்தியசாலைகள் மூடப்பட்டன அல்லது நோயாளரைத் தங்கவைத்துப் பராமரிப்பதை நிறுத்தின. அந்நாட்டு மாவட்டங்களில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டவற்றில் மகப்பேற்றுக்கான வசதியே இல்லை என்று 2022இலும் 2024இலும் வெளிவந்த அறிக்கைகள் கூறின. அத்தகைய நாட்டிலே, மலையூருக்கு மருத்துவிச்சி ஒருத்தி தானே வந்து சேர்வதாகக் கதை எழுதப்படுகிறது. மக்கள் அதைத் திரும்பத் திரும்பப் படிக்கின்றனர். இதனைப் பொய் என்று தள்ளலாம். ஆனால் மக்கள் எதனை இழந்தனர் என்பதற்கு இப்பொய்யைவிடத் தெளிவான சாட்சி எங்கே உண்டு? சீடர் கோவுக்கு மாதிரியான வொஷிங்டன் மாநிலத்துப் போட் ஓச்சாட் என்னும் உண்மையூரில் 2009ஆம் ஆண்டு கதையூரின் பெயராலேயே விழா நடந்தது. இல்லாத ஊரைக் காணவென்று வாசகர் பலர் வந்தனர்.

ஜனிஸ் றட்வே என்னும் அமெரிக்க ஆய்வாளர், காதல் நாவல் படிக்கும் பெண்களிடமே நேரிற் சென்று கேட்டு 1984இல் ஒரு நூல் எழுதினார். அப்பெண்கள் கதையைப் பற்றி மட்டும் பேசவில்லை. படிக்கும் நேரம் தமக்கே உரிய நேரம் என்றும், வீட்டில் எல்லோரையும் பேணும் தம்மை அப்போது கதை பேணுகிறது என்றும் பொருள்படப் பேசினர். நூலைக் குறைகூறுமுன் படிப்பவரைக் கேட்க வேண்டும் என்ற எளிய ஒழுங்கை அவர் கைக்கொண்டார். ஆசிரியர் கூட்டத்தில் நான் அதைக் கைக்கொள்ளவில்லை.

நூல்களைத் திருப்பிக் கொடுத்தபோது ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்டேன். பின்னர் என் ஐயத்தையுஞ் சொன்னேன். ஊர் எல்லாவற்றையும் அறிந்துகொள்வதை இக்கதைகள் இன்பமாகக் காட்டுகின்றனவே, அது உண்மையா என்றேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், "இங்கேயும் எல்லோருக்கும் எல்லாம் தெரியும், சேர். நான் எத்தனை மணிக்கு அறைக்குத் திரும்பினேன், யாருடன் தொலைபேசியிற் பேசினேன், எல்லாம் தெரியும். போன மாதம் எனக்குச் சுகமில்லாமல் இருந்தது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை" என்றார்.

அவர் பணிபுரிந்த பாடசாலையின் அதிபர் நான். எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

அதன்பின் ஆசிரியர் அறையில் சில மாற்றங்கள் செய்தோம். அவை இங்கு விரித்துரைக்கத் தக்கன அல்ல. பாடசாலைக்கு வராதவரின் பெயரைப் பதிவேட்டிற் குறிப்பதோடு நிறுத்தாமல், மாலையில் ஒருவர் அவர் வீட்டுக்குப் போய்வருவது என்பது அவற்றுள் ஒன்று. நூலகத்துக்குச் சிற்றூர்க் கதைகள் சிலவும் வாங்கினோம். உயர்தர வகுப்பு மாணவியர் அவற்றால் ஆங்கிலம் படிக்கின்றனர். மாணவர் இருவரும் மறைத்து வைத்துப் படிப்பதாகக் கேள்வி.

சென்ற தை மாதம் அவ்வாசிரியைக்குச் சொந்த ஊருக்கு இடமாற்றம் கிடைத்தது. போகும்போது சீடர் கோவ் வரிசையில் தம்மிடமிருந்த ஏழு நூல்களையும் என் மேசைமேல் வைத்துச் சென்றார். ஏழாவதையும் முடித்துவிட்டேன். எட்டாவதன் முகவரி 8 சாண்ட்பைப்பர் வே. கொழும்புக்குப் போகும் அன்பர் ஒருவரிடம் அதனைத் தேடி வாங்கிவரும்படி சொல்லியிருக்கிறேன்.