இடமும் காலமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தவன் நான். விளையாட்டரங்குகளைக் கணிப்பொறி கொண்டு நிர்வகிப்பது பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் வினவலாம். ஒரே பெர்த்தை இருவருக்குக் கொடுத்துவிட்டால் என்ன நேரும் என்பதை அறிந்தவன் என்ற ஒரு தகுதியே எனக்கு உண்டு.

வள்ளுவப் பெருந்தகை காலமறிதல், இடனறிதல் என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அரசனுக்காகச் சொல்லப்பட்ட அவை, ஒரு மைதானத்தின் நிர்வாகிக்கும் பொருந்தும் அன்றோ?

தில்லி ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கை எடுத்துக்கொள்வோம். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது. 2010இல் காமன்வெல்த் போட்டிகளின் தொடக்க விழாவையும், 2025இல் மாற்றுத்திறனாளர்களின் உலகத் தடகளப் போட்டியையும் கண்டது. இத்தகைய அரங்கில் ஒரு கால்பந்தாட்டம் நடக்கவேண்டுமாயின் மைதானம் மட்டும் போதாது. இரு அணிகளுக்கும் உடைமாற்றும் அறைகள், நடுவர் அறை, மருத்துவ அறை, பத்திரிகையாளர் இடம், மின்விளக்குகள், வாயிற்காவலர் அனைத்தும் ஒரே நேரத்தில் கிடைக்கவேண்டும். கால அட்டவணை மென்பொருள் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரிசை வைத்திருக்கும். அவற்றுள் ஒன்று வேறொருவருக்குப் பதிவாகியிருந்தாலும், "இந்த நேரம் இயலாது" என்று உடனே சொல்லிவிடும். ஒற்றைப் பாதையில் ஒரு பகுதிக்குள் ஒரு வண்டி இருக்கையில் மற்றொன்றை விடாத நம் ரயில்வே முறையும் இதுவே.

மற்றொன்றும் உண்டு. 2024 அக்டோபர் 26, 27 ஆகிய நாள்களில் அவ்வரங்கில் ஓர் இசை நிகழ்ச்சி நடந்தது. அது முடிந்தபின் ஓடுதளத்தில் குப்பை சிதறிக் கிடந்ததை ஒரு தடகள வீரர் படம்பிடித்து வெளியிட, செய்தி நாடெங்கும் பரவியது. பாட்டு முடியும் நேரத்தைக் குறித்தால் போதாது. துப்புரவு முடியும் நேரத்தையும் குறிக்கவேண்டும். நல்ல மென்பொருள் இந்த இடைவேளையையும் பதிவின் பகுதியாகவே கொள்ளும்.

ரயில்வேயில் கணிப்பொறி முன்பதிவு 1985இல் புதுதில்லியில் தொடங்கியது. அதற்கு முன் வண்டிக்கு ஒரு பேரேடு. அப்பேரேடு எந்தக் கவுன்ட்டரில் உள்ளதோ அங்கேதான் வரிசையில் நிற்கவேண்டும். ஏடு யார் கையில் உள்ளதோ, இடமும் அவர் கையில்.

இதை நான் பிறர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. நம் காலனி மைதானத்தின் நோட்டுப்புத்தகம் சில ஆண்டுகள் என்னிடம் இருந்தது. ஒரு நாள், பெரிய இடத்திலிருந்து தொலைபேசி வந்தது. சனிக்கிழமை மாலை ஒரு விருந்துக்கு மைதானம் வேண்டும் என்றார்கள். அந்நேரம் நம் பெண்குழந்தைகளின் கபடிப் பயிற்சிக்கென்று பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. நான் ரப்பரை எடுத்தேன், அழித்தேன். மறுவாரம் அவர்களுக்குப் போட்டி. சனிக்கிழமை சீருடையில் வந்த குழந்தைகள், பந்தல்காரர் கம்பு நடுவதைக் கண்டு திகைத்து நின்றனர். அவர்களுள் ஒருத்தி, "மாமா, எங்கள் பெயர் நோட்டில் இருந்ததே?" என்று கேட்டாள். "இல்லையம்மா" என்றேன். நோட்டில் அப்போது இல்லை என்பது மெய்தான். ஆயினும் நான் சொன்னது பொய்.

நல்ல மென்பொருளிடம் ரப்பர் இல்லை. யார் மாற்றினார், எந்நாள், எம்மணிக்கு மாற்றினார் என்பது அதில் நின்றுவிடும். அதுவே அதன் பெரும்பயன் என்பேன்.

எனினும் இயந்திரத்திற்கு நீதி தெரியாது. குழந்தையின் பயிற்சி முந்தியதா, பெரியவரின் விருந்து முந்தியதா என்பதை நாமே விதியாக வகுத்துக் கொடுக்கவேண்டும். கைபேசியில் பதிவு செய்யத் தெரியாத பாட்டிமார் நவராத்திரிப் பஜனைக்கு மன்றம் கேட்டு வந்தால், அவர்களுக்காகப் பதிவு செய்ய ஒரு மனிதரும் இருக்கவேண்டும். இணையத்தில் டிக்கெட் கிடைக்கும் இந்நாளிலும் ரயில்வே கவுன்ட்டரை மூடிவிடவில்லையே!

ஆதலின் நிர்வாகக் குழுவினரை ஒன்று வேண்டுகிறேன். நமக்கு விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. கைபேசியில் உள்ள பொதுநாள்காட்டியே போதும். நாள்தோறும் மாலை 5 முதல் 7 வரை மைதானம் குழந்தைகளுடையது என்று பூட்டிவையுங்கள். மாற்றவேண்டின் குழு கூடி, காரணத்தை எழுதி மாற்றட்டும். வாரந்தோறும் அட்டவணையை அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அன்று திரும்பிச் சென்ற குழந்தைகள் இன்று இவ்வவையில் வளர்ந்த பெண்களாய் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் இந்த மாமா மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பெயர் நோட்டில் இருந்தது, அம்மா.