மூளைக் கொழுப்பு கெடும்போது



கடலை எண்ணெயை மூடாமல் வைத்து மறந்துவிட்டால் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். ஆக்சிஜன் அந்தக் கொழுப்பைச் சிதைத்துவிட்டது என்று அர்த்தம். அல்சைமர் நோயாளியின் மூளைக்குள் நடப்பவற்றில் ஒன்று ஏறக்குறைய இதே வேதிவினைதான். உவமைக்காகச் சொல்லவில்லை.

உடல் எடையில் மூளையின் பங்கு 2 சதவீதம். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாம் இழுக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது வாங்கிக்கொள்கிறது. நரம்புச் செல்களின் சவ்விலோ சீக்கிரம் கெட்டுப்போகும் ஒமேகா-3 வகைக் கொழுப்பு ஏராளம். போதாக்குறைக்கு இரும்பும் செம்பும் அங்கே இருக்கின்றன. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா, வேலையின் போக்கில் கொஞ்சம் ஆக்சிஜனை அரைகுறையாக வெளியே விட்டுவிடும். அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். அது இரும்போடு சேர்ந்தால் ஹைட்ராக்சில் என்ற பொல்லாத துணுக்கு பிறக்கும். கொழுப்போ புரதமோ டி.என்.ஏ.வோ, பக்கத்தில் எது அகப்பட்டாலும் அதைச் சிதைத்துவிட்டுத்தான் அடங்கும்.

குளுட்டாதையோன் போன்ற பொருள்களைக் கொண்டு உடம்பே இதைச் சமாளிக்கிறது. வயது ஏற ஏற அந்தக் கை தளர்கிறது. சேதம் சமாளிப்பை மிஞ்சும் இந்த நிலைக்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர்.

1906-இல் ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், இறந்துபோன தம் நோயாளி ஒருவரின் மூளையில் கண்ட படிவுகளை விவரித்தார். அவற்றில் இருப்பது அமிலாய்டு என்ற புரதம். அது இரும்பையும் செம்பையும் பிடித்துவைத்துக்கொண்டு சிதைவுக்குத் தூபம் போடுகிறது. அப்படியென்றால் படிவு முதலிலா, சிதைவு முதலிலா? 2001-இல் நுனோமுரா என்பவரின் குழு, ஆக்சிஜனேற்றச் சேதம் நோயின் தொடக்கத்திலேயே மிகுந்து காணப்படுகிறது என்று எழுதியது. வழக்கு இன்னும் முடியவில்லை.

சரி, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் இ மாத்திரையை விழுங்கிவிட்டால் ஆயிற்றே என்று தோன்றும். விளம்பரங்களும் அதைத்தான் சொல்கின்றன. அமெரிக்காவில் சோதித்தே பார்த்தார்கள். 1997-இல் 341 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், பராமரிப்பு இல்லத்தில் சேரவேண்டிய கட்டம் சற்றுத் தள்ளிப்போனது, ஞாபகம் மேம்படவில்லை. 2005-இல் லேசான மறதி உள்ள 769 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்த ஆய்வில், வைட்டமின் இ நோயைத் தடுக்கவில்லை. 2014-இல் 613 முன்னாள் படைவீரர்களிடம், குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாடத் திறன்கள் குறையும் வேகம் கொஞ்சம் மட்டுப்பட்டது. அப்போதும் ஞாபகத்துக்குப் பலன் தெரியவில்லை.

ஏன் இப்படி? மறதி கண்ணுக்குத் தெரிவதற்குப் பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே நோய் தொடங்கிவிடுகிறது. அழிந்த நரம்புச் செல்லை எந்த மாத்திரையும் திருப்பித் தராது. இன்னொன்றையும் நாம் மறந்துவிடுகிறோம். இதே ஆக்சிஜன் துணுக்குகளை வைத்துத்தான் வெள்ளையணுக்கள் கிருமியைக் கொல்கின்றன. அவற்றை அடியோடு துடைத்துவிடவும் முடியாது, துடைக்கவும் கூடாது.

அந்த ஆய்வுகளில் கொடுத்த அளவு நாளுக்கு 2,000 அலகு. அன்றாடத் தேவையைப் போல எத்தனையோ மடங்கு. மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்தது அது. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் இவ்வளவு வைட்டமின் இ எடுத்தால் ரத்தக்கசிவு ஏற்படலாம். வீட்டுப் பெரியவர் யாராவது கடையில் தாமாகவே வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.