சாசுபிளின் பக்கங்களை வெட்டியது யார்?

இந்த எபிசோடு ஒரு துணியைப் பத்தி. கத்தோலிக்க குருவானவர் திருப்பலி நேரத்துல மத்த எல்லா உடைக்கும் மேல போட்டுக்குவாரே, கையில்லாத அந்தப் பெரிய உடை, அதோட பேரு சாசுபிள். லத்தீன்ல காசுலா. அர்த்தம், ‘சின்ன வீடு’. சிரிக்காதீங்க! ஆளை மொத்தமா ஒரு குடிசை மாதிரி மூடுறதால வந்த பேரு அது.

பழைய லத்தீன் முறைப் பூசையோட வீடியோ ஏதாவது கிடைச்சா ஒரு விஷயத்தைக் கவனிங்க. குருவானவர் நமக்கு முதுகு காட்டி, பீடத்தைப் பார்த்து நிக்கிறார். அப்பத்தை ரெண்டு கையால தலைக்கு மேல உயர்த்துறார். அந்த நொடியில, பின்னாடி முழந்தாளிட்டு இருக்கிற பீடச்சிறுவன் அவரோட சாசுபிள் விளிம்பை லேசாத் தூக்கிப் பிடிக்கிறான். ஆனா அந்த உடை தோள் பக்கமெல்லாம் வெட்டி, கை ரெண்டும் முழுசா வெளியில இருக்கிற மாதிரி தைச்சது. யாரும் தூக்கிவிடவே தேவையில்லை. அப்புறம் எதுக்குத் தூக்குறான்?

என் துறையில இதுக்கு லெகசி கோடுன்னு பேரு. எந்தப் பிரச்சனைக்காக எழுதினாங்களோ அது எப்பவோ போயிடுச்சு, அந்த வரி மட்டும் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. அப்படின்னா அந்தப் பிரச்சனை என்ன?

ஆரம்பத்துல சாசுபிள் சர்ச்சுக்குன்னு செஞ்ச உடையே இல்லை. பேனுலான்னு ரோமர்கள் மழைக்கும் பயணத்துக்கும் போட்ட மேலாடை. வடிவம் ரொம்ப எளிது. ஒரு அரைவட்டத் துணியை எடுத்து, நேர் விளிம்பு ரெண்டையும் முன்னாடி சேர்த்துத் தைச்சா ஒரு கூம்பு. மேல தலைக்கு ஒரு ஓட்டை. அவ்வளவுதான். கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் 140 செ.மீ.ன்னு வச்சுக்குவோம். அரைவட்டத்தோட பரப்பு சுமார் 3 சதுர மீட்டர் வரும். கையை வெளியே எடுக்கணும்னா ரெண்டு பக்கத் துணியையும் சுருட்டி முழங்கை மடிப்புல போட்டுக்கணும். மெல்லிசான பட்டோ கம்பளியோ இருந்தா இது அழகா மடிப்பு மடிப்பா விழும். சான்ஸ் கதீட்ரல் கருவூலத்துல, தாமஸ் பெக்கெட்டோடதுன்னு காலங்காலமாச் சொல்லிட்டு வர்ற சாசுபிள் இந்த மணி வடிவத்துலதான் இருக்கு.

இப்போ ரெண்டு மாற்றம் வருது. முதலாவது வழிபாட்டுல. 13-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல, அப்பத்தை மக்கள் பார்க்குற மாதிரி தலைக்கு மேல உயர்த்துற பழக்கம் பாரிஸ் பக்கத்திலிருந்து பரவுது. அதாவது, கை முன்னைவிட மேல போகணும். முழங்கையில சுருட்டி வச்ச துணியெல்லாம் அப்போ தோள் மேல ஏறி உக்காரும். அதனாலதான் பின்னாடியிருந்து ஒருத்தர் தூக்கிக் கொடுக்க வேண்டி வந்துச்சு.

ரெண்டாவது மாற்றம் ஊசியில. எனக்கு இதுதான் சுவாரசியம்.

இடைக்கால இங்கிலாந்தோட எம்பிராய்டரிக்கு ஐரோப்பா முழுக்க மவுசு. ஓபுஸ் ஆங்கிலிகானும், அதாவது ‘ஆங்கிலேய வேலை’ன்னே அதுக்குப் பேரு. வத்திக்கானோட 1295-ஆம் ஆண்டுப் பொருட்பட்டியல்ல மட்டும் இந்த வகையில நூற்றுக்கும் மேல இருக்கு. அதுல பயன்படுத்தின தங்க நூல் நமக்குப் புதுசில்லை. பட்டு இழையைச் சுத்தி, தங்க முலாம் பூசின மெல்லிய வெள்ளித் தகடு. காஞ்சிபுரம் சேலையில அம்மா தொட்டுப் பார்த்து ‘அசல் ஜரிகையா?’ன்னு கேப்பாங்களே, அதே கட்டுமானம்தான்.

இந்த நூலை ஊசியில கோத்து துணிக்குள்ள இழுத்தா தகடு உரிஞ்சிடும். அதனால நூலைத் துணி மேல படுக்க வச்சு, வேற ஒரு நூலால அங்கங்க கட்டுவாங்க. ஆங்கிலேயக் கைவினைஞர்கள் ஒரு படி மேல போனாங்க. கட்டுற நூலைக் கீழ இழுக்கும்போது, தங்க நூல்ல ஒரு பொட்டு அளவு வளைவும் அந்த ஓட்டை வழியா துணிக்கு அடியில போயிடும். ஒவ்வொரு வளைவும் கதவுக் கீல் மாதிரி. கட்டுற நூல் வெளியிலே தெரியாது. தங்கத் தகடு மாதிரி மின்னினாலும் துணி வளையும், மடியும், விழும். அலங்காரமும் வேணும், அசைவும் வேணும்னு கேட்ட கஸ்டமருக்கு இதைவிட நல்ல தீர்வை நான் பார்த்ததில்லை.

ஆனா இதுக்கு நேரமும் ஆளும் நிறைய வேணும். 14-ஆம் நூற்றாண்டு நடுவுல கொள்ளைநோய் வந்து ஐரோப்பாவைக் காலி பண்ணுச்சு. அதுக்கப்புறம் வேகமாச் செய்யக்கூடிய முறைகள் மேல வந்துச்சு. துணியும் மாறுச்சு. கனமான வெல்வெட், விறைப்பான ப்ரோகேட், உள்ளே பஞ்சு வச்சு மேடா எழுப்பின உருவங்கள். பார்க்கப் பிரமாதம், ஆனா மடியாது. மடியாத துணியை முழங்கையில எப்படிச் சுருட்டுறது?

பதில், கத்தரிக்கோல். பக்கங்கள் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறி, முன்பக்கம் வயலின் மாதிரி ஆயிடுச்சு. வயலின் முதுகுன்னே ஆங்கிலத்துல அதுக்குப் பட்டப்பேரு. இந்த வடிவத்துக்கு ஒன்றரை சதுர மீட்டருக்குள்ள துணி போதும். கூம்புல பாதி.

புதுசா தைச்சதை மட்டும் இப்படித் தைச்சிருந்தா பரவாயில்லை. பழசையும் எடுத்து வெட்டினாங்க. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல சிச்செஸ்டர்-கான்ஸ்டபிள் சாசுபிள்னு ஒண்ணு இருக்கு. சிவப்பு வெல்வெட், 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய வேலை, மூன்று ராஜாக்கள் குழந்தை இயேசுவைப் பார்க்க வர்ற காட்சியெல்லாம் தங்கத்துல. ஓரத்துல இருக்கிற உருவங்களைப் பாருங்க, வெட்டினது அப்படியே தெரியும். அந்த உருவங்களைத் தைச்சவங்க எத்தனை மாசம் உக்காந்திருப்பாங்கன்னு நினைச்சா எனக்கு வயிறு எரியுது.

சரி, இன்னைக்கு ஒருத்தர் இதைத் தைக்கிறார்னா? முதல் முடிவு கூம்பா, வயலினாங்கிறது. அதுலயே மீதி எல்லாம் தீர்மானம் ஆயிடும். வயலின் வடிவத்துக்கு உள்ளே கான்வாஸ் வச்சு விறைப்பாக்கி, பட்டு ப்ரோகேடை மேல போட்டு, ஓரத்துலயும் முதுகுலயும் ஜரிகைப் பட்டை ஓட்டணும். இத்தாலிய மரபுல முதுகுல நேர்த்தூண், பிரெஞ்சு மரபுல முதுகுல சிலுவை. கூம்புக்கு விறைப்பே ஆகாது. இன்னொரு சிக்கலும் இருக்கு. அரைவட்டத்துல சில இடத்துல துணி நேர் இழையில தொங்கும், சில இடத்துல கிராஸ்ல தொங்கும். கிராஸ்ல இருக்கிற பகுதி தன் எடையிலேயே இழுபட்டு நீளும். அதனால தைச்சு முடிச்சு ரெண்டு நாளாவது தொங்கவிட்டு, அப்புறம்தான் கீழ் விளிம்பைச் சமப்படுத்தி மடிக்கணும். அவசரப்பட்டா விளிம்பு அலை அலையா நிக்கும்.

பழைய முறைக்கு சாசுபிள் மட்டும் போதாது. ஸ்டோல், இடது கையில போடுற மனிப்பிள், கிண்ணத்தை மூடுற துணி, பர்ஸ்ங்கிற உறை, எல்லாமே ஒரே துணியில இருக்கணும். 1967-க்கு அப்புறம் மனிப்பிள் கட்டாயமில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு குருவானவர் மக்களைப் பார்த்து நிக்க ஆரம்பிச்சதும் டிசைனும் இடம் மாறிடுச்சு. நூற்றாண்டுகளா முதுகுதான் ஃப்ரண்ட்-எண்டா இருந்துச்சு. இப்போ நெஞ்சு.

ஒரு உடை வடிவத்துக்காக ரோமாபுரி திரும்பத் திரும்பத் தலையிட்டிருக்குன்னா நம்புவீங்களா? 19-ஆம் நூற்றாண்டுல பியூஜின்னு இங்கிலாந்துக் கட்டடக் கலைஞர். லண்டன் பாராளுமன்றத்தோட உள் அலங்காரம் அவர் கைவண்ணம். விசாலமான பழைய வடிவத்துக்குத் திரும்பணும்னு அவர் கிளப்பிவிட்டார். 1863-ல வத்திக்கான் வழிபாட்டுப் பேராயம் ஆயர்களுக்குக் கடிதம் எழுதி அதிருப்தி தெரிவிச்சது. 1925-ல ரோமைக் கேக்காம வழக்கத்தை மாத்தக்கூடாதுன்னு பதில் சொன்னது. 1957-ல, அந்தந்த ஆயர் பார்த்துக்கட்டும்னு விட்டுடுச்சு.

இன்னைக்கு நிலைமை தலைகீழ். வயலின் வடிவம் போட்டா ‘மரபுவாதி’, விசாலமாப் போட்டா ‘நவீனவாதி’ன்னு பார்த்தவுடனே முத்திரை குத்துறாங்க. ஆனா ரெண்டுல பழசு விசாலமானதுதான்! எனக்கு வயலின் வடிவம் பிடிக்காதுன்னு இல்லை, நல்ல கையில அது கம்பீரமா இருக்கும். ஆனா அதை மட்டும் ‘பாரம்பரியம்’னு சொல்லும்போது, பாரம்பரியத்தோட பின்பாதியைத்தான் சொல்றோம்.

யார் கை பட்டா தூய்மைங்கிற கேள்விக்கும் பழைய துணியில ஒரு வேடிக்கையான பதில் இருக்கு. இத்தாலியில ஃபெர்மோ கதீட்ரல்ல ஒரு சாசுபிள். பட்டும் தங்கமும் கலந்த அந்த எம்பிராய்டரி இஸ்லாமிய ஸ்பெயின்ல செஞ்சது, அரபு எழுத்தும் அதுலயே இருக்கு. வேற எதுக்கோ செஞ்ச துணியைத் துண்டு துண்டா ஒட்டுப்போட்டு பூசை உடை ஆக்கியிருக்காங்க.

நம்ம நாட்டுக்கும் இந்தக் கதையில ஒரு இடம் உண்டு. 1969-ல இந்திய ஆயர்கள் கேட்டு ரோம் அனுமதிச்ச 12 அம்சங்கள்ல ஒண்ணு, வழக்கமான பூசை உடைகளுக்குப் பதிலா எளிமையான ஒரு அங்கி, கூடவே ஸ்டோலா ஒரு அங்கவஸ்திரம். சர்ச்சை வந்துச்சு. இது இந்து மயமாக்கல்னு கத்தோலிக்கர்களே எதிர்த்தாங்க. ரோமானியரோட மழைக்கோட்டு மட்டும் நம்ம ஊர்ல கேள்வியே இல்லாம ஓடிக்கிட்டிருக்கு.