குரலும் ஓர் அமானிதம்

(அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில் எங்கள் கல்விக் குழு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பாட்காஸ்ட் என்றால் என்ன, அதனால் நம் குடும்பங்களுக்கு என்ன பயன் என்று பேசச் சொல்லி நிர்வாகிகள் எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். எங்கள் குழுவினர் கொஞ்ச காலமாகப் பாட்காஸ்ட் கேட்டு வருகிறோம். கேட்கக் கேட்க, நாமும் செய்து பார்த்தால் என்ன என்ற எண்ணம் வந்தது. அல்ஹம்துலில்லாஹ், இப்போது சிறிய அளவில் பதிவு செய்யவும் தொடங்கியிருக்கிறோம். அந்த அனுபவத்தை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

குரலைப் பதிந்து அனுப்புவது நமக்குப் புதிது அல்ல. இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். வாப்பாமார்கள் சபராளியாக வளைகுடாவுக்குப் போன காலத்தில், எழுதத் தெரியாத உம்மாமார்கள் கேசட்டில் பேசி அனுப்பினார்கள். அங்கிருந்தும் கேசட் வரும். வீடே சுற்றி உட்கார்ந்து கேட்கும். பாட்காஸ்ட்டும் அது போன்றதுதான். ஒருவர் பேசிப் பதிவு செய்கிறார், மற்றவர் தமக்கு வசதியான நேரத்தில் கேட்கிறார்.

2004 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கார்டியன் பத்திரிகையில் பென் ஹேமர்ஸ்லி என்பவர் எழுதிய கட்டுரையில்தான் இந்தச் சொல் முதலில் அச்சில் வந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் என்ற கருவியின் பெயரையும், ஒலிபரப்பைக் குறிக்கும் பிராட்காஸ்ட் என்ற சொல்லையும் சேர்த்து உருவான பெயர் அது. 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் பாட்காஸ்ட்டைச் சேர்த்த பிறகு அது பரவலாயிற்று.

வேலை நடக்கும் விதம் எளிது. பேசுபவர் தம் பதிவுகளை ஒரு பட்டியலாக இணையத்தில் வைக்கிறார். நம் கைபேசியில் உள்ள செயலி அந்தப் பட்டியலை அவ்வப்போது பார்த்து, புதிது வந்திருந்தால் எடுத்து வைக்கிறது. பேப்பர் போடும் தம்பி வாசலில் போட்டுவிட்டுப் போவது போல. வைஃபை இருக்கும் இடத்தில் இறக்கிக்கொண்டால், பஸ்ஸில் போகும்போது டேட்டா செலவில்லாமல் கேட்கலாம். வேகமாகப் பேசுகிறார் என்றால் பெரியவர்களுக்காக வேகத்தைக் குறைத்தும் வைக்கலாம்.

வெங்காயம் உரிக்கும்போதும் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதும் கைதான் வேலை செய்கிறது, காது சும்மா இருக்கிறது. கண்ணில் புரை விழுந்து இந்த இதழைப் படிக்க முடியாத பெரியவர்கள் நம் மஹல்லாவில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் காது இருக்கிறது. ஆங்கிலம் கேட்டுப் பழக விரும்பும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல தொடர் சொல்கிறோம். பீட்டர் ஆடம்சன் என்ற தத்துவப் பேராசிரியர் 2010 முதல் தத்துவ வரலாற்றை ஆரம்பத்திலிருந்து சிறு சிறு பகுதிகளாகச் சொல்லி வருகிறார். அல்கிந்தி, இப்னு சீனா, கஸ்ஸாலி, இப்னு ருஷ்து ஆகியோருக்கு அதில் பெரிய இடம் உண்டு.

ஆனால் நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு.

நம் கைபேசிக்குத் தினமும் குரல் பதிவுகள் வருகின்றன. "இந்த மாத்திரையைச் சாப்பிடாதீர்கள்" என்று ஒன்று. "நாளையோடு முடிகிறது, உடனே போய்ப் பதிவு செய்யுங்கள்" என்று ஒன்று. பேசியவர் யார், எந்த ஊர், எந்த வருடம் பேசியது, ஒன்றும் தெரியாது. குரலில் பதற்றம் இருப்பதால் நம்பி, பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். அதைக் கேட்டு ஒரு பெரியவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? முறையாகச் செய்யும் பாட்காஸ்ட்டில் பெயர் உண்டு, தேதி உண்டு. தகவல் மாறினால் அதே இடத்தில் திருத்தம் சொல்ல முடியும். பேசுகிறவர் பொறுப்பில் நிற்கிறார். அதனால்தான் குரலை ஓர் அமானிதம் என்கிறோம்.

இந்தப் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் உதாரணம். 1999-இல் அமெரிக்காவின் பால்டிமோர் பகுதியில் ஹே மின் லீ என்ற பள்ளி மாணவி கொல்லப்பட்டார். அவருடன் படித்த அத்னான் சையத் என்ற முஸ்லிம் இளைஞருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தக் குடும்பத்தை அறிந்த ரபியா சௌத்ரி என்ற வழக்கறிஞர், வழக்கில் கேள்விகள் இருக்கின்றன என்று சாரா கோனிக் என்ற பத்திரிகையாளரிடம் கொண்டுபோனார். 2014-இல் 'சீரியல்' என்ற பாட்காஸ்ட்டாக 12 பகுதிகள் வந்தன. உலகமே கேட்டது. மறு வருடம் ரபியா தாமும் சிலருடன் சேர்ந்து ஒரு பாட்காஸ்ட் தொடங்கினார். 2022-இல் தீர்ப்பு ரத்தாகி அத்னான் வெளியே வந்தார். 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மீண்டும் நிலைநிறுத்தியது. 2025 மார்ச்சில், இதுவரை இருந்த சிறைவாசமே போதும் என்று நீதிமன்றம் தண்டனையைக் குறைத்தது. குற்றவாளி என்ற தீர்ப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

மறந்துபோன ஒரு வழக்கை நீதிமன்றம் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரலுக்கு வலிமை இருக்கிறது. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. இறந்துபோன மாணவியின் சகோதரர், இது எனக்குப் பாட்காஸ்ட் அல்ல, என் வாழ்க்கை என்ற பொருளில் நீதிமன்றத்தில் சொன்னார். நாம் ஆர்வமாகக் கேட்கும் கதை இன்னொரு வீட்டின் மவுத்தாக இருக்கலாம். நம் மஹல்லாவில் ஒரு வீட்டுச் செய்தியைப் பேசும் முன்னாலும் இதை நினைக்க வேண்டும்.

எங்களுக்கு வழிகாட்டியாக இருந்தது இன்னொரு முயற்சி. 2003-இல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் 'ஸ்டோரிகார்ப்ஸ்' என்ற பெயரில் ஒரு சிறு அறை வைத்தார்கள். ஒருவரை ஒருவர் அறிந்த இருவர் உள்ளே போய் 40 நிமிடம் பேசலாம். மகள் தாயிடம் கேட்பாள், பேரன் பாட்டனாரிடம் கேட்பான். அவர்கள் சம்மதித்தால் பதிவின் பிரதி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போகும். பிரபலமானவர்களைத் தேடாமல் வீட்டு மனிதர்களையே பேசவைத்தது எங்களுக்குப் பிடித்திருந்தது.

அதே போல ஒரு நன்னியிடம் அவர் பேத்தியையே கேட்க வைத்தோம். "எனக்கு என்னம்மா தெரியும், நீங்க படிச்ச புள்ளைங்க" என்றுதான் ஆரம்பித்தார். "சின்ன வயசில் கொழும்புக்கு எப்படிப் போனீங்க நன்னி?" என்று பேத்தி கேட்டாள். அவ்வளவுதான். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், கப்பலில் உம்மா கட்டிக் கொடுத்த சாப்பாடு, கொழும்பில் வாப்பா வைத்திருந்த கடை என்று எல்லாம் வந்தது. 1914-இல் தொடங்கிய அந்தக் கப்பல் வழி, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியோடு போய்விட்டது. அதில் பயணம் செய்தவர்கள் இன்று எழுபதை நெருங்கியவர்கள், தாண்டியவர்கள். புத்தகத்தில் புயலைப் பற்றிப் படிக்கலாம். அந்தக் கப்பலில் நம் வீட்டுப் பிள்ளை என்ன சாப்பிட்டாள் என்பது நன்னிக்கு மட்டும்தான் தெரியும். நம் வீடுகளில் ஒவ்வொரு மவுத்தோடும் இப்படி எவ்வளவோ கபுருக்குள் போய்விடுகிறது.

பதிவு முடிந்ததும் முழுவதையும் அவருக்கே போட்டுக் காட்டினோம். சொத்துப் பங்கு பற்றிய ஓர் இடம் வேண்டாம் என்றார், எடுத்துவிட்டோம். வெளியிடச் சம்மதமா என்று அதன் பிறகுதான் கேட்டோம். இது எங்கள் முதல் விதி. பேசியவர் கேட்டு, சம்மதித்த பிறகே வெளியே போகும். குடும்பத்துக்குள் மட்டும் இருக்கட்டும் என்றால் அப்படியே இருக்கும். பெண்கள் விஷயத்தில் அவரவர் விருப்பமே முடிவு. இரண்டாவது விதி, மருந்து, சட்டம், பணம் பற்றிய எதுவாக இருந்தாலும் அந்தத் துறை தெரிந்தவர் தம் பெயரும் தேதியும் சொல்லிப் பேச வேண்டும். மூன்றாவது, பிறர் வீட்டுக் குறையைப் பேசுவதில்லை.

இனி, வீட்டில் எப்படிச் செய்வது என்று கேட்பவர்களுக்கு. பெரிய கருவி வேண்டாம், கைபேசியில் உள்ள ரெக்கார்டர் போதும். டைல்ஸ் போட்ட வெறும் ஹாலில் குரல் எதிரொலிக்கும். மெத்தை, தலையணை, துணி அலமாரி உள்ள அறை நல்லது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அதற்காகவே சுபுஹுக்குப் பிந்திய நேரத்தை வைத்துக்கொள்ளலாம், தெருவும் அமைதியாக இருக்கும். கைபேசியை ஃப்ளைட் மோடில் போட்டு, கையில் பிடிக்காமல், பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மடித்த துணியின் மேல் வையுங்கள். முதலில் பெயர், தேதி, ஊர் சொல்லுங்கள். அரை நிமிடம் பதிந்து கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

ஆமாம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்வி கேட்காதீர்கள். "கல்யாணம் பெருசா நடந்துச்சா?" என்பதை விட, "கல்யாணத்தன்று காலையில் வீட்டில் யார் யார் என்ன செய்துகிட்டு இருந்தாங்க?" என்று கேளுங்கள். அவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பெரும்பாலும் நல்ல விஷயம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, பிள்ளைகள் சீக்கிரம் பழகிக்கொள்கிறார்கள். வெறும் பேச்சுக்கு எம்பி3 மோனோவில் 64 கேபிபிஎஸ் வைத்தாலே போதும், 20 நிமிடப் பதிவு சுமார் 10 எம்பி-தான் வரும். பிறர் பாட்டைப் பின்னணியில் சேர்க்காதீர்கள், அதற்கு உரிமையாளர் உண்டு. மூலப் பதிவை ஒரு செயலியை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள். கூகுள் தன் பாட்காஸ்ட் செயலியை 2024-இல் மூடிவிட்டது. கைபேசியில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று, வேறொரு வீட்டில் பென் டிரைவில் ஒன்று என மூன்று பிரதி வையுங்கள்.

உங்களிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, வீட்டுக்கு ஒரு பதிவு. வீட்டில் வயதில் மூத்தவரிடம் பேரப்பிள்ளை ஒருவர் இருபது நிமிடம் உட்காரட்டும். வெளியிடாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டாவது, பரணில் பழைய கேசட் கிடந்தால் தூக்கிப் போடாமல் எங்களிடம் கொண்டுவாருங்கள். நாடா வருடத்துக்கு வருடம் கெட்டுக்கொண்டே போகிறது. ஓடும் நிலையில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறோம், கேசட்டையும் திருப்பித் தருவோம். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு அறக்கட்டளை நூலகத்தில் இருப்போம். எப்படிப் பதிவது என்று பார்க்க விரும்பும் பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.

அடுத்த கூட்டத்தில், சம்மதம் தந்த வீடுகளின் பதிவுகளில் சிலவற்றை இங்கேயே எல்லோரும் சேர்ந்து கேட்கலாம், இன்ஷா அல்லாஹ்.