முட்டையிடும் பேடுகளைத் தெரிந்து வாங்குதல்



அறுவடை முடிந்து கையிற் பணமுள்ள காலத்தில், வீட்டுத் தேவைக்கென நாலைந்து பேடுகளை வாங்க விரும்புவீர்கள். சந்தையிலே பளபளக்கும் இறகும் கடும் மஞ்சட் காலும் உடைய பேடே கண்ணைக் கவரும். அவ்வழகை நம்பி ஏமாறாதீர்கள். மஞ்சட்கால் இனங்களில், முட்டையிட முட்டையிடக் காலின் நிறம் வெளிறும், இறகும் தேயும். முட்டையிடுவதை நிறுத்தி இறகுதிர்த்த பேடே புத்திறகுடன் பொலிவது.

ஆகவே பேட்டைக் கையிலெடுத்துச் சோதியுங்கள். கொண்டை சிவந்து மென்மையாகவும், எச்சத்துவாரம் அகன்று ஈரமாகவும் இருத்தல் வேண்டும். துவாரத்தின் இருபுறத்து எலும்புகளுக்கிடையே 2 அல்லது 3 விரல்கள் அடங்குமாயின் அது முட்டையிடும் பேடு. ஒரு விரலே அடங்குமாயின் விட்டுவிடுங்கள்.

மூக்கொழுகுதல், கண்வீக்கம், கழிச்சல் என்பன காணப்படும் கூட்டத்தில் ஒன்றையேனும் வாங்காதீர்கள். இராணிக்கெட் நோய்க்குத் தடுப்பூசி இடப்பட்டதா என்றும் விசாரியுங்கள். வாங்கியவற்றை 3 வாரமேனும் வேறாக அடைத்து வளர்த்த பின்னரே பழைய கோழிகளுடன் சேர்த்தல் வேண்டும். நோயுற்ற பேடு ஒன்று கூடு முழுவதையும் வெறுமையாக்கிவிடும்.

இடம் மாறிய பேடு சில நாட்கள் முட்டையிடாதிருத்தல் இயல்பே. அவசரப்பட்டு அதனைக் கறிக்கு அறுத்துவிடாதீர்கள்.